பழைய லென்சா, புதிய லென்சா: சிலிகா ஏரியிலிருந்து ஒரு விடை

பறவையியலிலும் சூழலியலிலும் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் இளையோர் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். கேனான் 100-400 மி.மீ. ஜூம் லென்சில் பழைய பதிப்பை வாங்குவதா, புதிய பதிப்பை வாங்குவதா? இரண்டாம் கைச் சந்தையில் பழையது புதியதன் பாதி விலைக்குக் கிடைக்கிறது. புதியது மேலானது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த மேன்மைக்கு இரு மடங்கு விலை தகுமா என்பதுதான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியவற்றைத் தொகுத்து இங்கே வைக்கிறேன். இது ஒளிப்படக் கலைஞர்களுக்கான மதிப்பீடு அன்று. லென்சை அளவுகருவியாகப் பயன்படுத்துவோரை மனத்தில் கொண்டு எழுதியது.

முதலில் இரண்டையும் பற்றிச் சுருக்கமாக. பழையது 1998-இல் வெளிவந்தது. முன்பகுதியை நேராக இழுத்தும் தள்ளியும் ஜூம் செய்யும் அமைப்பு. அது காற்றையும் தூசியையும் உள்ளே உறிஞ்சும் என்று ஒரு பழி அதன்மீது உண்டு. உருவம் நீளும் எந்த ஜூம் லென்சும் காற்றை உள்ளிழுக்கத்தான் செய்யும் என்பதால் அந்தப் பழியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புதியது 2014-இன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. இதில் வளையத்தைத் திருப்பி ஜூம் செய்ய வேண்டும். பழையதில் 14 தொகுதிகளில் 17 வில்லைகள். புதியதில் 16 தொகுதிகளில் 21. பழையது 1.8 மீட்டருக்கு அருகில் உள்ள பொருளைக் குவிக்காது. புதியது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவு வரை குவிக்கும். அதிர்வுத் தணிப்பு பழையதில் இரண்டு நிறுத்தங்கள், புதியதில் நான்கு என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. எடையில் புதியது ஏறத்தாழ 200 கிராம் கூடுதல். 2020-இல் வந்த 100-500 மி.மீ. லென்சைக் குறித்தும் சிலர் கேட்கிறார்கள். அது கண்ணாடியில்லாக் கேமராக்களுக்கானது. அதை வாங்கினால் கேமராவையும் மாற்ற வேண்டும் என்பதால் இங்கே அதைப் பேசவில்லை.

இந்தப் பட்டியலை வைத்து முடிவெடுக்க முயன்றபோது எனக்கு எந்த விடையும் கிடைக்கவில்லை. பட்டியலில் உள்ள எந்த எண் என் வேலையைத் தொடுகிறது என்று கேட்ட பிறகுதான் வழி தெரிந்தது.

என் களம் ஒடிசாவின் சிலிகா ஏரி. குறிப்பாக அதன் வடகரையில் உள்ள மங்களாஜோடி சதுப்பு நிலம். ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பெயர்போன ஊர். வேட்டையாடியவர்களே பின்னர் காவலர்களாகவும் படகோட்டிகளாகவும் மாறிய கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். குளிர்காலத்தில் அங்கே கருவால் மூக்கன்கள் பெருந்திரளாக வந்து தங்கும். வலசைப் பறவைகளில் சிலவற்றின் காலில் ஆய்வாளர்கள் சிறு நெகிழித் தகடொன்றை மாட்டிவிடுவார்கள். அதில் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு இருக்கும். நாங்கள் இதைக் கால்கொடி என்கிறோம். அந்தக் குறியீட்டை மீண்டும் பிடிக்காமலே படமெடுத்து வாசிப்பது என் வேலையின் ஒரு பகுதி. ஆண்டுதோறும் எந்தப் பறவை திரும்பி வந்தது, எது வரவில்லை என்பதைத் தொகுத்தால் உயிர்பிழைக்கும் வீதத்தைக் கணிக்கலாம்.

எளிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். கொடியிலுள்ள எழுத்தின் உயரம் 5 மி.மீ. என்று கொள்வோம். பறவை 50 மீட்டர் தொலைவில் நிற்கிறது. 400 மி.மீ. குவியத் தூரத்தில் அந்த எழுத்து உணரியின் மீது 0.04 மி.மீ. உயரத்துக்கு விழும். எங்கள் ஆய்வகத்தில் இருப்பது கேனான் 7டி மார்க் 2. அதன் ஒவ்வொரு படப்புள்ளியும் ஏறத்தாழ 0.0041 மி.மீ. ஆக, எழுத்துக்குக் கிடைப்பது பத்துப் படப்புள்ளிகள். தொலைவு 100 மீட்டரானால் ஐந்து. ஐந்து புள்ளிகளில் ‘3’-க்கும் ‘8’-க்கும் வேறுபாடு காண்பது நம்பிக்கையின்பாற்பட்ட செயல். லென்சின் கூர்மை என்று நாம் பேசுவதெல்லாம் இந்தப் பத்துப் புள்ளிகளுக்குள்தான் நடக்கிறது. அழகான படத்துக்குப் போதுமான கூர்மை, வாசிக்கத்தக்க எழுத்துக்குப் போதாமல் போவது இதனால்தான்.

பழைய லென்ஸ் 400 மி.மீ.-இல் முழுத் துளையில், அதாவது எஃப் 5.6-இல், சற்று மென்மையாகவே இருக்கும். எஃப் 8-க்குச் சுருக்கினால் குறிப்பிடத்தக்க அளவு தெளியும். ‘அப்படியானால் எஃப் 8-இல் எடுத்துக்கொள்ளுங்கள், பாதிப் பணம் மிச்சம்’ என்பதே பலர் தரும் அறிவுரை. நண்பகல் வெயிலில் மரத்தில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தியைப் படமெடுப்பவருக்கு அது சரியான அறிவுரையும்கூட. சதுப்பு நிலத்தில் அது பொருந்தாததற்குக் காரணம் லென்சில் இல்லை, காற்றில் இருக்கிறது.

வெயில் ஏறியதும் சேறும் ஆழமற்ற நீரும் வெவ்வேறு அளவில் சூடாகி, அவற்றின் மேல் காற்று அலையத் தொடங்கும். கானல் என்று நாம் சொல்வதன் மெல்லிய வடிவம் அது. கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் அது படத்தைக் கலைக்கும். நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாகப் படகில் அமர்ந்து, நீர்மட்டத்திலேயே இருக்கும் பறவைக் காலை நோக்கும்போது பார்வைக்கோடு முழுவதும் அந்த அலையும் காற்றின் ஊடேதான் செல்கிறது. குளிர்காலத்திலும் தெளிந்த நாள்களில் ஒன்பது மணிக்கு மேல் நான் வாசித்த கொடிகள் மிகச் சில. காற்று அசையாமல் இருப்பது விடியற்பொழுதில்தான். ஆனால் அப்போது ஒளி குறைவு. ஒளி குறைவான நேரத்தில் துளையை எஃப் 8-க்குச் சுருக்கினால் ஷட்டர் வேகம் பாதியாகும், அல்லது உணர்திறனை இரட்டிப்பாக்கிப் படத்தில் மணல்மணலான இரைச்சலை ஏற்க வேண்டும். இரண்டுமே அந்தப் பத்துப் புள்ளிகளைச் சிதைப்பவை. எஃப் 8-க்குப் போதிய ஒளி வரும் வரை காத்திருந்தால் கானல் வந்துவிடும். பழைய லென்ஸ் நாள் முழுவதும் ஓரளவு நல்ல லென்ஸ்தான். எனக்குப் பயன்படக்கூடிய அந்த ஒன்றரை மணி நேரத்தில் மட்டும் அது பின்தங்கிவிடுகிறது. புதியது எஃப் 5.6-இலேயே கூர்மையாக இருப்பதன் மதிப்பு முழுவதும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அடங்கியிருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் இரண்டு லென்சுகளும் ஒரே அளவு குருடு.

அதிர்வுத் தணிப்பைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லப்படுவதால் ஒரு சொல். கையில் பிடித்து 400 மி.மீ.-இல் எடுக்க நொடியில் 400-இல் ஒரு பங்கு வேண்டும் என்பது பழைய வழக்கு. இரண்டு நிறுத்தம் என்றால் அதை 100-இல் ஒரு பங்கு வரை தளர்த்தலாம். நான்கு என்றால் 25-இல் ஒரு பங்கு. கற்சிலைக்கு இது வரம். நடந்துகொண்டே சேற்றைக் குத்தும் மூக்கனுக்கு நொடியில் 25-இல் ஒரு பங்கு என்பது எந்தத் தணிப்பாலும் காக்க முடியாத வேகம். மேலும், தணிப்பு திருத்துவது கையின் நடுக்கத்தை. மூங்கிற் கழியால் உந்தப்படும் படகின் மெதுவான சாய்வை அது முழுமையாகத் திருத்துவதில்லை. ஆயினும் புதியதில் எனக்குக் கிடைத்த உண்மையான நன்மை ஒன்று உண்டு. காட்சிக்கண்ணியில் உருவம் நிலையாக நிற்பதால் குவியப் புள்ளியைப் பறவையின் உடலிலிருந்து காலுக்கு இறக்கி அங்கேயே வைத்திருக்க முடிகிறது. தகவலேட்டில் இதற்கு எண் எதுவும் இல்லை.

‘லென்சுக்குச் செலவிடுவதற்குப் பதில் இருபது மீட்டர் அருகில் போனால் ஆயிற்றே’ என்று கேட்கலாம். கணக்கின்படி அது சரி. 50 மீட்டரை 30 ஆக்கினால் எழுத்துக்குப் பத்துக்குப் பதில் பதினாறு புள்ளிகள். எந்தப் புதிய லென்சும் தர முடியாத ஆதாயம். கால்வாயோரம் மேயும் பறவைகள் படகுகளுக்குப் பழகியவை; அவற்றை நெருங்கவும் முடியும். திறந்த சேற்றுப்பரப்பில் கூடியிருக்கும் பெருங்கூட்டம் அப்படியன்று. ஒன்று எழும்பினால் எல்லாம் எழும்பும். பிப்ரவரி, மார்ச்சில் அவை நெடுவலசைக்காகக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் காலம். அப்போது ஒவ்வொரு வீண் பறத்தலும் அவற்றின் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுவது. குறைந்த விலை லென்சின் மிச்சத் தொகையை யார் செலுத்துகிறார்கள் என்ற கேள்வி எனக்கு இங்கேதான் எழுந்தது. உயிர்பிழைக்கும் வீதத்தை அளக்கப் போய் அதையே குறைப்பது ஆய்வாகாது.

என்னைப் பெரும்பாலும் அழைத்துச் செல்லும் படகோட்டி அண்ணன் (நான் அவரை ‘பாயினா’ என்பேன்; அவர் என்னைத் ‘தீதி’ என்பார்) இந்த நெருங்கும் பேச்சையே விரும்புவதில்லை. மூக்கன்கள் வயிறளவு நீரில் நின்று மேயும்போது கொடி நீருக்குள் இருக்கும். “இப்போது போய் என்ன பயன், தீதி? வயிறு நிறைந்ததும் கரையேறி இறகு கோதும். அப்போது காலைத் தூக்கும். இங்கேயே இருப்போம்” என்று கழியைச் சேற்றில் ஊன்றிவிடுவார். பீடி இருந்தால் பற்றவைத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்த அளவில் கொடி வாசிப்பை மிக அதிகமாக உயர்த்திய ‘கருவி’ அந்த ஊன்றப்பட்ட கழிதான். ஆனால் அவர் காத்திருக்கும் நேரம் விடியற்பொழுதாகவும் இருக்க வேண்டும், ஊன்றிய இடம் எட்டத்திலும் இருக்க வேண்டும். அந்த இரண்டு நிபந்தனைகளையும் தாங்கும் லென்ஸ்தான் எனக்குத் தேவை.

அடுத்து, பிழைகள். கொடி வாசிப்பில் இரண்டு வகைப் பிழைகள் உண்டு. அவற்றை ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஒன்று, வாசிக்க இயலாமல் விடுவது. மற்றொன்று, தவறாக வாசிப்பது. முன்னதை நம் துறை நெடுநாள் முன்பே எதிர்கொண்டுவிட்டது. 1964, 65-இல் கார்மாக், ஜாலி, செபர் ஆகியோர் தனித்தனியே வகுத்த மாதிரியில், உயிரோடிருக்கும் பறவை கண்ணில் படாமல் போவதற்கான நிகழ்தகவு உயிர்பிழைத்தலிலிருந்து பிரித்தே கணிக்கப்படுகிறது. மங்கலான லென்சால் சில கொடிகள் விட்டுப்போனால் கணிப்பின் துல்லியம் குறையும்; அது சாய்ந்துவிடாது. தவறான வாசிப்பு அப்படியன்று. ‘3’-ஐ ‘8’ என்று வாசித்து, அந்த ‘8’ கொண்ட குறியீடு எவருக்கும் வழங்கப்படாததாக இருந்தால் பிழை அப்போதே பிடிபடும். வழங்கப்பட்டதாக இருந்தால், மூன்றாண்டுகளுக்கு முன் இறந்துபோன பறவையொன்று இவ்வாண்டு சிலிகாவில் உயிரோடு உலவத் தொடங்கிவிடும். உயிர்பிழைக்கும் வீதம் சத்தமில்லாமல் உயரும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய லென்சை வாங்கிக்கொண்டு, செயற்கை நுண்ணறிவால் படத்தைக் கூர்மையாக்கும் மென்பொருளைச் சேர்த்துக்கொண்டால் புதியதற்கு நிகராகிவிடும் என்று அண்மையில் ஒருவர் எனக்கு எழுதினார். சுவரில் மாட்டும் படத்துக்கு ஆகலாம். அந்த மென்பொருள்கள் இல்லாத விவரத்தை, இருந்திருக்கக்கூடியது என்ற ஊகத்தின்பேரில் வரைந்து நிரப்புகின்றன. ஐந்து புள்ளிக் கறையிலிருந்து அவை மிகத் தெளிவான ‘8’ ஒன்றை எழுதித் தரும், தயங்கவே தயங்காது. மங்கலான படம் தன் மங்கலைத் தானே ஒப்புக்கொள்கிறது. செயற்கையாகக் கூர்மையாக்கிய படம் அந்த நேர்மையை அழித்துவிடுகிறது. எங்கள் ஆய்வகத்தில் வாசிப்புக்கு முன் கேமராவின் மூலக்கோப்பை எவரும் தொடுவதில்லை.

புதிய லென்சுக்கு எதிரான வலுவான வாதம் விலையன்று, தொடர்ச்சி. எனக்கு முன் இதே ஆய்வகத்தில் பணியாற்றியவர்கள் பல பருவங்கள் பழைய லென்சால் எடுத்த படங்கள் எங்களிடம் உள்ளன. நடுவில் கருவியை மாற்றினால், வாசிப்பு கூடியதற்குக் காரணம் பறவைகளா லென்சா என்று எப்படிச் சொல்வது? என் நெறியாளர் முதலில் கேட்ட கேள்வியும் இதுவே. வானிலை நிலையங்களில் வெப்பமானியை மாற்றும்போது பழையதையும் புதியதையும் சில காலம் அருகருகே இயக்கி ஒப்பிடும் வழக்கம் உண்டு. நாங்களும் அதையே செய்தோம். ஒரு பருவம் முழுவதும் இரண்டு லென்சுகளும் படகில் வந்தன. அதே பறவையை, இயன்றவரை அடுத்தடுத்த நிமிடங்களில் இரண்டாலும் எடுத்தோம். எந்தப் படம் எந்த லென்சிலிருந்து வந்தது என்று அறியாத இருவர் தனித்தனியே வாசித்தார்கள். இருவரும் ஒத்துப்போகாத எதுவும் ‘வாசிக்க இயலவில்லை’ என்றே பதிவானது. அந்த ஒப்பீட்டின் எண்களை ஆய்வேட்டில்தான் தர வேண்டும். போக்கை மட்டும் சொல்லலாம்: இரண்டுக்குமான வேறுபாடு ஏறத்தாழ முழுவதும் விடியற்காலப் படங்களிலேயே இருந்தது.

இனிப் பணம். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. எனக்குச் சொல்லப்பட்ட இரண்டாம் கை விலை பழையதற்கு நாற்பதாயிரத்தை ஒட்டியும் புதியதற்குத் தொண்ணூறாயிரத்தை ஒட்டியும் இருந்தது. ஒன்று ஒரு மாதத்து உதவித்தொகை. மற்றொன்று இரண்டு மாதத்துக்கும் மேல். அதுவும் உதவித்தொகை மாதந்தோறும் வந்தால். திட்ட நிதியிலிருந்து வாங்கலாமே என்பீர்கள். எங்கள் அலுவலக விதிப்படி பயன்படுத்திய பொருளை வாங்க முடியாது. விலைப்புள்ளி, ரசீது, உத்தரவாதம் எல்லாம் வேண்டும். ஆகவே பழைய பதிப்பு நிறுவனப் பணத்தில் வாங்கவே முடியாத பொருள். அது தனிமனிதப் பையிலிருந்து மட்டுமே வரும். இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவர் எவராயினும், தன் ஆய்வுக்கான கருவியைத் தன் உணவுப் பணத்திலிருந்து வாங்கப் போகிறார் என்றே பொருள். லென்ஸ் தேர்வு பற்றிய உரையாடல்களில் இது பேசப்படுவதே இல்லை.

இரண்டாம் கையாக வாங்குவதென்றால் சில சோதனைகளைத் தவற விடாதீர்கள். கடற்கரை மாநிலங்களில் முதல் எதிரி பூஞ்சை. இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்புறமிருந்து கைவிளக்கைச் சாய்வாக அடித்து முன்புறம் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் விலை எவ்வளவாயினும் விட்டுவிடுங்கள். சிறு தூசிகள் இருந்தால் கவலை வேண்டாம். அவை படத்தில் தெரிவதில்லை. எழுத்து நிறைந்த செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, முக்காலியில் வைத்து, முழுத் துளையில் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எப்போதோ விழுந்து வில்லை விலகியிருக்கக்கூடும். பழைய பதிப்பில் தணிப்பை இயக்கிக் காதருகே வைத்துக் கேளுங்கள்; மெல்லிய ரீங்காரம் இயல்பு, உருவம் துள்ளுவது நோய். 1998-இல் சந்தைக்கு வந்த வடிவமைப்பு அது என்பதால், உதிரிபாகம் கிடைக்குமா என்று உங்கள் ஊர்ப் பழுதுபார்ப்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பழையது, புதியது என்று ஒப்பிட்டு எழுதுவோர் பெரும்பாலும் ஒப்பிடுவது இரண்டு பதிப்புகளை அன்று, தங்கள் கையில் கிடைத்த இரண்டு பிரதிகளை. இருபது ஆண்டு உழைத்த ஒரு பிரதியின் நோயை அந்தப் பதிப்பின் இயல்பென்று எழுதிவிடுகிறார்கள். மாதிரி அளவு ஒன்று என்று ஆய்வுக் கட்டுரை வந்தால் நாம் திருப்பி அனுப்புவோம். லென்ஸ் என்றால் உடனே நம்பிவிடுகிறோம். நான் மேலே எழுதியதற்கும் இது பொருந்தும்.

நான் புதிய பதிப்பை இரண்டாம் கையாக வாங்கினேன். ஆனால் எல்லோருக்கும் அதையே சொல்ல மாட்டேன். நெருக்கத்தில் தும்பிகளையும் பட்டாம்பூச்சிகளையும் எடுப்பவருக்குப் புதியதன் ஒரு மீட்டர்க் குவியம் பெரும் உதவி. அவர் யோசிக்கத் தேவையில்லை. யானையையோ மானையோ பகலில் எடுத்து எண்ணிக்கை பதிவு செய்பவருக்குப் பழையது தாராளமாகப் போதும்; மிச்சப் பணத்தில் ஈரநீக்கிப் பெட்டி வாங்கலாம். கலை வரலாற்று ஆய்வாளரான நண்பர் ஒருவர் கோனார்க் கோயிலின் மேல்நிலைச் சிற்பங்களை ஆவணப்படுத்துகிறார். அனுமதி பெற்று முக்காலி வைத்து, தணிப்பை அணைத்துவிட்டு, எஃப் 8-இல் நிதானமாக எடுக்கும் அவருக்குக் கல் எங்கும் பறந்துபோகப் போவதில்லை. எங்கள் ஆய்வகத்துப் பழைய லென்ஸ் கோடை தொடங்கியதிலிருந்து அவரிடம்தான் இருக்கிறது. நவம்பரில் மூக்கன்கள் வருமுன் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டையும் அருகருகே வைத்து இன்னும் ஒரு பருவம் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.